சோடா தந்த வீடு

சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தேன். தொண்டைமானாற்றில் ஒரு வீட்டு விறாந்தை. எனக்கு முன்னால் வீட்டுக்காரர் சிவபாதம் அண்ணை. பக்கத்தில், அந்த வீட்டை வாங்க வந்த கஜனும் அவன் மனைவி துளசியும். நல்ல ஆடி வெயில்.

எனக்கு ஊர் உடுப்பிட்டி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு மேசன் வேலைக்குப் போனவன். முதல்முதலாக வீடு வாங்குகிறவர்கள், காணி உறுதி எழுத முன் வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி இப்போது என்னைக் கூட்டிப் போகிறார்கள். பார்ப்பது எனக்குச் சுகம். சொல்வதுதான் கஷ்டம். ஒருவர் கட்டிக் குடியிருக்கும் வீட்டில் நின்றுகொண்டு அதற்குக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எதையும் றோட்டுக்கு வந்த பிறகுதான் சொல்வேன்.

துளசிக்கு ஆறாம் மாதம். இருந்த வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிறக்க முன் சொந்த வீட்டுக்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம் இருவருக்கும்.

கடலோர வீடு என்றால் முதலில் கொங்கிறீற்றைப் பார்ப்பேன். உப்பு மண் கலந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து பீம் வெடிக்கும். இங்கே ஒரு கீறல்கூட இல்லை. சுவரைத் தட்டினேன், பிளாஸ்டர் இறுகிக் கிடந்தது. கூரை மரத்தில் கறையானும் இல்லை. அறை பீமில் இருந்த கொளுக்கியைத் துளசி காட்டினாள்.

"அண்ணை, பிள்ளைக்கு ஏணை கட்டினா இது தாங்குமோ?"

பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டுத் தாங்கும் என்றேன்.

"அப்ப முதல் நான் ஏறிப் படுக்கிறன்" என்றான் கஜன்.

பிறகுதான் சிவபாதம் அண்ணையின் மனைவி சோடா கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு எந்த வெயிலிலும் தேத்தண்ணிதான் முதலில் வரும். குசினிக்குப் பின்னால் மூடி போட்ட பிளாஸ்ரிக் பரல்கள் வரிசையாக நின்றதும் ஞாபகத்துக்கு வந்தது. கிணற்றில் தண்ணீர் தெளிவாகத்தான் கிடந்தது. ஆனால் தெளிவு ருசியைச் சொல்லாது.

றோட்டில் வைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் கஜன் அட்வான்ஸ் காசை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"அண்ணை, எனக்குச் சோடா ஒத்துவராது. கிணத்துத் தண்ணியிலை ஒரு தேத்தண்ணி தருவியளோ?"

கேட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தேன். காது சுட்டது.

சிவபாதம் அண்ணை என் கையில் இருந்த சோடாவைப் பார்த்தார். பிறகு, "உந்தத் தண்ணியிலை தேத்தண்ணி போட்டா நீரே திருப்பித் தருவீர், தம்பி" என்றார். மாரியில் நல்ல தண்ணீர் என்றும், ஆனி பிறந்தால் மழை வரும்வரை உப்புச் சவர்தான், குடிக்கவும் சமைக்கவும் பவுசர் லொறியில் வாங்குகிறோம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

முதலே ஏன் சொல்லவில்லை என்று கஜன் கேட்டான். அதற்கு அவர் மனைவி பதில் சொன்னார்.

"கேட்டாச் சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள். வந்த ஆக்களெல்லாம் நிலத்து ரைல்ஸைத்தான் பாத்தினம்."

கஜனின் கை பைக்குள்ளிருந்து வெறுமையாக வந்தது. துளசி அந்தக் கொளுக்கி இருந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாதா என்று என்னைக் கேட்டாள். கூரை நல்லது, ஓரத்தில் தண்ணீர் வடியப் பீலி பூட்டிப் பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டினால் குடிக்கவும் சமைக்கவும் தாக்குப் பிடிக்கும் என்றேன்.

சிவபாதம் அண்ணை யோசித்தார். "உறுதி எழுத முதல் தாங்கியை நானே கட்டித் தாறன். மேசனும் உவர் இருக்கிறார்தானே."

அப்படியே முடிந்தது. தாங்கியை நான்தான் கட்டினேன்.

வீடு வாங்குகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது இதுதான். சுவரின் குறையைத் தட்டிப் பார்த்து அறியலாம். தண்ணீரின் குறையை வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும். கேட்பதை அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

அடுத்த ஆடியில் அந்தப் பக்கம் போனபோது துளசி கூப்பிட்டாள். கொளுக்கியில் ஏணை ஆடியது. உள்ளே போனவள் ஒரு சோடாப் போத்தலோடு வந்து நீட்டினாள். நான் திகைத்துப்போய்த் தாங்கிப் பக்கம் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு, மற்றக் கையில் மறைத்து வைத்திருந்த தேத்தண்ணியைத் தந்தாள்.