இரண்டாவது காதுகுத்து

எனக்கு இரண்டு தடவை காது குத்தினார்கள். முதல் தடவை ஒரு வயதில். அது ஞாபகம் இல்லை. இரண்டாவது தடவை ஒன்பது வயதில். அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த வருஷம் அக்கா பன்னிரண்டாவது முடித்திருந்தாள். கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. எங்கள் ஊர் புதூருக்குக் கிழக்கே. அங்கிருந்து காலேஜுக்குப் போகிற முதல் பெண் அவள்தான். முதல் வருஷப் பணத்தை ஆவணியில் ஒரு திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பாங்கில் கேட்டதற்கு, பணம் கட்டிய ரசீதோடு வாருங்கள், பிறகு படிப்புக் கடனைப் பார்க்கலாம் என்றார்கள். அந்த ரசீதை வாங்கத்தான் அய்யா கடன் கேட்டுப் போனார்.

அய்யாவுக்கு ஆடுதான் தொழில். முந்தின வருஷம் மழை இல்லை. அதோடு நோயும் வந்தது. பதினொரு ஆடு மிஞ்சியது. அய்யாவுக்கு யாரிடமும் கை நீட்ட வராது. கேட்கப் போவார். மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

அம்மாவின் தம்பி எட்டயபுரத்தில் ஒரு டீக்கடையில் மாஸ்டர். அந்த மாமா வந்துதான் வழி சொன்னார்.

“பதினொண்ணையும் வித்தாலும் பீஸ்ல பாதி வராது அத்தான். அஞ்சை அறுத்துச் சோறு போடுங்க. மொய் விழும்.”

“என்ன விசேஷம்னு போட மாப்ள?”

மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அக்காவுக்குச் சடங்கு முடிந்து நாலு வருஷம். புது வீடும் கட்டவில்லை. கடைசியில் அவர் கண் என்மேல் வந்து நின்றது.

“இவனுக்குக் காது குத்துவோம்.”

“எனக்குத்தான் குத்தியாச்சே” என்றேன்.

“அது தூர்ந்து போச்சுலே” என்றாள் அம்மா.

அய்யாவுக்கு மனசு வரவில்லை. ஒரு வயதில் எனக்குக் குத்தியபோதும் பந்தல் போட்டிருந்தார்கள். இதே சொந்தக்காரர்கள்தான் வந்து மொய் எழுதினார்கள்.

“அவனுகளுக்குத் தெரியாதா மாப்ள? சாப்பிட்டுட்டுச் சும்மா போனாம்னா என்ன செய்ய? ஆடும் போச்சு, இடமும் போச்சு.”

“தெரியட்டும் அத்தான். தெரிஞ்சும் வாரானா பாப்போம்.”

அய்யா இரண்டு நாள் ஆட்டோடு காட்டிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் கோவில்பட்டிக்குப் போய்ப் பத்திரிகை அடித்து வந்தார். கூடவே ஒரு பிளக்ஸ். காதணி விழா என்று போட்டு நடுவில் என் முகம். நான் போட்டே பார்க்காத கூலிங் கிளாஸ். பின்னால் ஒரு அருவி. எங்கள் ஊரில் குளிக்கவே தண்ணீர் கிடையாது. அதைக் கட்டிய நாளிலிருந்து தினமும் போய் முன்னால் நின்று பார்த்தேன். எல்லாம் எனக்காக நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஆடியில் விசேஷம் வைக்க முடியாது. ஆவணியில் அமைந்த முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. பணம் கட்டக் கடைசி நாள் அதற்கு மறுநாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணி வரை பந்தலில் நாற்காலிதான் இருந்தது. அண்டாவில் கறி வெந்துகொண்டிருந்தது. அரிசியும் மசாலாவும் புதூர் பாய் கடையில் கடன். அய்யா ரோட்டில் போய் நின்று பஸ் வருகிறதா என்று பார்த்தார். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நானும் பக்கத்தில் நின்றேன்.

முதலில் இறங்கியது பசுவந்தனைப் பெரியம்மா. அய்யாவுக்கு அண்ணன் மனைவி. அவளுக்கு வாய் நீளம். அம்மாவைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

“ஏட்டி, இந்தக் காதுக்கு நான் ஏற்கெனவே செஞ்சாச்சு பாத்துக்க. அடுத்த வருஷம் மூக்குக் குத்துவியளோ?”

அம்மா முகம் செத்துப்போனது. உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு ஜனம் வந்தது. வேனில் வந்தார்கள். பஸ்ஸில் வந்தார்கள். கரிசல் காட்டைக் குறுக்கே நடந்தும் வந்தார்கள். பந்தல் நிறைந்துவிட்டது.

என்னை மாமா மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி வயசானவர். முதல் தடவை குத்தியதும் அவர்தானாம். என் காதைப் பெருவிரலால் தடவினார். தூர்ந்த இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு உண்டு. விரல் அங்கே நின்றது. நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தார். அய்யா தரையைப் பார்த்தார்.

“நல்ல எளங்காது” என்றார் ஆசாரி, எல்லோருக்கும் கேட்கும்படி. “ஊசியே படாத காது.”

எனக்குப் பொறுக்கவில்லை.

“பொய்யி! எனக்கு மொதல்லயே குத்தியாச்சு!”

மைக் பக்கத்தில் இருந்தது. நான் சொன்னது குழாய் ஸ்பீக்கரில் ஊர் முழுக்கக் கேட்டது. பந்தலில் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மாமாவின் தொடை எனக்கு அடியில் கல்லாகிவிட்டது. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது ஒரு குலவை கேட்டது. பசுவந்தனைப் பெரியம்மாதான். தனியாக நின்று போட்டாள். அடுத்து இன்னொருத்தி போட்டாள். பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் மறுபடியும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஊசி இறங்கியது. நான் அழுதேன். அதுவும் கேட்கவில்லை. கோயில் கொடையில்கூட அப்படி ஒரு குலவையை நான் கேட்டதில்லை. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும்.

சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேராக மொய் மேஜைக்குப் போனார்கள். பந்தலைச் சுற்றி நழுவின ஆள் ஒருவர்கூட இல்லை. ஆடு செத்து எங்களைப் போலவே உட்கார்ந்திருந்தவர்களும் வரிசையில் நின்றார்கள். காலேஜ் என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை. அய்யாவிடம் எதுவும் கேட்கவில்லை. “போய்ட்டு வாரேன்” என்று மட்டும் சொல்லிப் போனார்கள். பாயும் வந்தார். அரிசிக் கணக்கைப் பேசுவாரோ என்று அம்மா பயந்தாள். அவர் ஒரு கவரை என் கையில் கொடுத்துவிட்டுப் பிரியாணி நல்லா இருக்கு என்றார். அது பிரியாணி இல்லை.

பெரியம்மா கடைசியாகக் கிளம்பினாள். அக்காவைக் கூப்பிட்டுக் கன்னத்தைக் கிள்ளினாள்.

“ஏட்டி, நான் கெடையில விழுந்தா நீதான் ஊசி போடணும். வலிக்காமப் போடணும், கேட்டியா?”

காது குத்தின வீட்டில் இவள் ஏன் ஊசியைப் பற்றிப் பேசுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் அக்கா என் காதில் வேப்பெண்ணெய் தடவினாள். வந்த பணத்தில் எனக்குச் சைக்கிள் வேண்டும் என்று அய்யாவிடம் கேட்டேன். காது என்னுடையதுதானே. “வாங்குவோம்லே” என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் அக்காவும் அவரும் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்கள். சைக்கிள் வரவில்லை.

அதற்குப் பிறகு அய்யா ஒரு விசேஷத்தை விட்டதில்லை. முகூர்த்த நாள் என்றால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பஸ் போகாத ஊருக்கு நடந்து போவார். ஆடு என் பொறுப்பு. அக்கா படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். மொய் எழுதியவர் வீட்டில் விசேஷம் வந்தால் நாம் போய்த் திருப்பி எழுத வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அய்யாவுக்குக் கறிச்சோறு என்றால் உயிர் என்று நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் கஞ்சி கேட்பார். ஒரே நாளில் மூன்று ஊர் போயிருப்பார். உட்கார்ந்து சாப்பிட்டால் அடுத்த ஊருக்குப் பஸ் கிடைக்காது. அதுவும் எனக்குத் தெரியாது. இத்தனை விருந்துக்குப் போயும் ஒரு பந்தியில் இடம் பிடிக்கத் தெரியாத மனுஷன் என்று, அவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்து நினைத்துக்கொள்வேன்.