ஆவணியா, தையா?

முதுகெலும்புக்குப் பரவிய புற்றுநோயை அறுவை செய்கிறவன் கத்தியைவிட நாக்கைத்தான் ஜாக்கிரதையாகப் பிடிக்க வேண்டும். "இன்னும் எவ்வளவு நாள்?" என்று கேட்கப்பட்டு விட்டத்தைப் பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நம் கட்சிதான்.

காக்கை பார்த்த எக்ஸ்ரே

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் ஒரு நர்ஸிங் ஹோம். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்போம். தி.நகர் ஜவுளிக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சியின் படத்தைப் பிடித்தேன். வெளியே உட்கார்ந்திருந்த காக்கை எட்டிப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த வடையைப் போட்டுவிட்டுப் பறந்தது. சத்தியம். புராஸ்டேட் புற்று முதுகெலும்புக்கு ஏறி நரம்பை நெரித்து, இரண்டு காலும் விழுந்துவிட்டன.

மகளுக்குத் தையில் கல்யாணம். அண்ணாச்சியின் மனைவி வராந்தாவில் மறித்தார். நோயின் பெயர் கணவர் காதில் விழக்கூடாது. ஆனால் தைக்கு இருப்பாரா என்று தனக்குத் தெரிந்தாக வேண்டும். அறுவை செய்தால் கால் திரும்பலாம், ஆவணி தாண்டுவார், தை சந்தேகம் என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஆவணியிலயே வச்சிருவோம். அவுகளை நிக்க வச்சுக் குடுங்க டாக்டரய்யா, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

மயக்கத்துக்கு முன்னால்

மாப்பிள்ளை வீட்டில் அவசரப்படுகிறார்கள் என்று கணவரிடம் சொல்லி வைத்திருந்தார். அறுவை மேஜையில் படுத்த அண்ணாச்சி என் கையைப் பிடித்தார்.

"தையில வச்ச கல்யாணம் ஆவணிக்கு வந்தா, எனக்கு நாள் குறிச்சாச்சுன்னுதானே அர்த்தம்? எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிராதீய. மறைச்சிட்டோம்னு நிம்மதியா இருக்கட்டும்."

தலையாட்டினேன். அவர் மயங்கியதும், மயக்க மருந்து கொடுக்கும் கோதண்டராமன், என்னோடு படித்தவன், முகமூடிக்குள்ளிருந்தே முனகினான்.

"முதுகைப் பாக்கறதோட நிறுத்திக்கோடா. பஞ்சாங்கம் பாக்க மாடவீதியில ஆள் இருக்கா."

சித்திரையில் வந்தவர்

ஆவணியில், கைத்தடியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே மகளைத் தாரை வார்த்தார். நான் பந்தியில் பாயசத்தைக்கூட மறந்துவிட்டு அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறுவைக்குப் பின் கொடுத்த ஹார்மோன் மாத்திரை பிடித்துக்கொண்டது. தை வந்தது, போனது. சித்திரை வெயிலில் தம்பதியாக வந்தார்கள். மகளுக்கு வளைகாப்பாம். அந்த அம்மாள் இன்னும் கணவருக்கு ஒன்றும் தெரியாது என்றே எனக்குக் கண்ணைக் காட்டினார். அவர் பூக்காரியிடம் நின்ற சமயம் பார்த்து அண்ணாச்சி என் பக்கம் சாய்ந்தார்.

"வளைகாப்புக்கு இன்னும் நாள் பாக்கலை டாக்டரய்யா. உங்ககிட்ட மட்டும் கேக்கப்படாதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

பேத்தி நடை பழகும்வரை கூடவே நடந்துவிட்டுத்தான் போனார். எத்தனையோ முதுகுகளைத் திறந்து பார்த்துவிட்டேன், ஆயுளை எந்த எலும்பில் எழுதியிருக்கிறது என்பது மட்டும் இன்றுவரை கண்ணில் படவில்லை.