கரும்புக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் விதி

ஒரு மீட்டருக்கு மேல் நீளமான காய்கனிகளை வெட்டித்தான் விற்க வேண்டும். விலக்கு வேண்டுமானால் தலைமையகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். மலேசியாவின் பத்து பகாட் நகரில் அப்போது புதிதாகத் திறந்த வெளிநாட்டுப் பேரங்காடியின் விதி அது. ஓய்வுபெறும் வரை அங்கே விதிகளைக் காவல் காத்தவன் நான்.

கடையின் முதல் பொங்கலுக்கு, பக்கத்து ஊரான யோங் பெங்கிலிருந்து வியாபாரி சரோஜா லாரி நிறையக் கரும்பு கொண்டுவந்தார். விதியைச் சொன்னேன்.

"வெட்டினா யாரு சார் வாங்குவாங்க? பொங்கப் பானை பக்கத்துல நிக்க வைக்கிற கரும்பு லா இது, குச்சி மிட்டாயா? திருப்பி அனுப்புனீங்கன்னா நான் போட்ட காசெல்லாம் போச்சு."

தலைமையகத்துக்கு எழுதினேன். ஒரு நப்பாசையில், எல்லா நாட்டுக் கிளைகளும் பேசிக்கொள்ளும் இணையக் குழுவிலும் கரும்பின் படத்தைப் போட்டுக் கேட்டேன். என் தேநீர் ஆறுவதற்குள், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரின் கிளையிலிருந்து முகமறியாத ஒரு பெண் கேட்டார்: "இதைப் பண்டிகைக்கு வீட்டில் நிறுத்தி வைப்பீர்களா?"

"ஆமாம்."

"அப்படியானால் இது உங்கள் கிறிஸ்துமஸ் மரம். அந்த மரத்துக்கென்று நம் புத்தகத்தில் தனி விதி இருக்கிறதே, அதில் சேர்த்துவிடுங்கள். வெட்டக் கூடாது, வாசலில் நிறுத்தி விற்கலாம்."

விதிப் புத்தகம் முழுவதும் எனக்கு மனப்பாடம். கரும்பையே பார்த்திராத அவருக்கோ, ஒரு படத்தில் பொங்கல் புரிந்துவிட்டது. வாசலில் தோகையோடு நின்ற கரும்பு மாலைக்குள் தீர்ந்தது. இன்றும் அந்த வியப்பு எனக்குத் தீரவில்லை.

தலைமையகத்தின் அனுமதி, சித்திரை முதல் நாள் வந்து சேர்ந்தது.