பன்னிரண்டாவது நீலத்தாள்

விமானத்தைத் துணியில் செய்கிறார்கள் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. பல்லடத்தில் அவள் ஓட்டிய தறி நின்றுபோய், சரவணம்பட்டியில் ஓர் ஒற்றை அறைக்கு நாங்கள் குடிவந்த வருஷம் அது. எனக்கு எட்டு வயது. பள்ளியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. அம்மா வேலைக்குப் போன ஷெட்டிலேயே நானும் கிடந்தேன்.

அவள் சொன்னது நிஜம்தான். சின்ன விமானம் ஒன்றின் கதவு அங்கே உருவானது. பசையில் ஊறிய கறுப்புத் துணியை ஃப்ரீசரிலிருந்து எடுப்பார்கள்; வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டும். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு நீல பிளாஸ்டிக் தாள். அதை உரித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, துணியை அச்சின் மேல் படிய வைக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு அடுக்கு. வெந்து வந்ததைத் தட்டினால் கணீரென்னும். துணி எப்போது இரும்பானது என்று அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுப்பில் ஏற்றுமுன் நீலத்தாள்களை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் அது உள்ளே மாட்டியிருக்கலாம். அந்த இடம் ஒட்டாது, பறக்கும்போது பிளந்துவிடும்.

ஒரு நாள் பதினொன்றுதான் இருந்தது. அம்மா மூன்று தரம் எண்ணினாள். என்னிடம் ஒரு தாள் இருந்தது. அதன் வழியே சூரியனைப் பார்க்கலாம் என்று முந்தின நாள் குப்பைச் சாக்கில் பொறுக்கியது. அதை நீட்டினேன்.

"ஏங்கண்ணு, எங்கிருந்து எடுத்தே?"

"பெட்டில இருந்துதான்."

சூப்பர்வைசர் சிரித்தார். "திருடி இங்கயேதான் இருக்கறா. ஏத்துங்கக்கா, சாயங்காலம் வண்டி வருது."

அம்மா தாளை விரலால் தேய்த்தாள். "இது காஞ்சு கெடக்குதுங்க. இன்னைக்கு உரிச்சதுன்னா பிசுபிசுங்குமுங்க."

"துணி தீந்துபோச்சுங்க. பிரிச்சுப்போட்டீங்கன்னா நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க." மிரட்டலிலும் மரியாதை குறையவில்லை.

அம்மா பிரித்தாள். ஏழாவது அடுக்குக்கும் எட்டாவதுக்கும் நடுவில் நீலம் தெரிந்தது. சூப்பர்வைசர் குனிந்து அதைப் பார்த்தார். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

வழியில் எனக்கு அழுகையும் கோபமும். பன்னிரண்டைச் சரியாக்கிக் கொடுத்தது நான், கெடுத்துக்கொண்டது அம்மா. அவள் என்னை அடிக்கவில்லை. இரண்டு தாள்களையும் என் கையில் வைத்து, "வெச்சுக்க" என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொன்றாய்க் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்தேன். இரண்டிலும் அதே நீலம்தான். அம்மாவுக்கு மட்டும் எப்படி வேறாகத் தெரிந்தது என்று யோசித்தபடியே வீடுவரை நடந்தேன்.