மாலை போடாத படம்

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று அம்மாவுடையது. சந்தனப் பொட்டு, பிளாஸ்டிக் மல்லிகை மாலை, கீழே சின்ன மின்விளக்கு. இன்னொன்றில் ராணுவ உடுப்பில் ஓர் இளைஞன், மீசை அப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. அதற்குப் பொட்டும் இல்லை, மாலையும் இல்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு யார் மாலை போடுவார்கள்? அது அப்பா. அப்படி நினைத்துத்தான் நான் வளர்ந்தேன். "அப்ப எவ்ளோ ஒல்லியா இருந்தீங்கப்பா!" என்று கேலி செய்தால், சிகரெட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். வெட்கப்படுகிறார் என்று சிரிப்பேன்.

அப்பா பிறந்த ரப்பர் தோட்டம் ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில். நான் பிறப்பதற்கு முன்பே அதை விட்டு வந்துவிட்டார். தொழிலாளர் லயங்கள் இருந்த இடம் இப்போது தாமான் என்கிற குடியிருப்பு, வரிசையாக இரட்டை மாடி வீடுகள். கோயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களுக்காக அந்தக் கோயில் வாசலில் ஒரு நினைவுக்கல் வைக்கப் பழைய ஆட்கள் முடிவு செய்தார்கள். முன்னின்று நடத்தியவர் அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த ஒரு மாமா. வீட்டிலிருந்து ஒரு படம் வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார்.

அப்பாவிடம் கேட்டேன். "ஐ.சி.ல இருக்குற படத்தக் குடு, போதும்" என்றார். அடையாள அட்டையில் அவர் முகம் பிடிபட்ட திருடன் முகம் மாதிரி இருக்கும். நான் சுவரைக் காட்டினேன்.

"அது வேணாம் பிள்ள."

தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? அவர் கிளினிக்குக்குப் போயிருந்தபோது படத்தைக் கழற்றினேன். ஈப்போவில் ஒரு ஸ்டுடியோவில் நகல் எடுத்து, அசலைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, நகலுக்குச் சட்டம் போட்டு மாமாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதக் குடுக்க அவனுக்கு மனசு வந்துச்சே, நல்லதும்மா" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

திறப்பு விழா ஒரு ஞாயிறு காலை. ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டிலிருந்து அப்பாவைக் காரில் அழைத்துப் போனேன். பதக்கங்களைத் துடைத்துச் சட்டையில் குத்தியிருந்தார். நினைவுக்கல்லுக்கு முன்னால் ஒரு மேசை, அதன் மேல் படங்கள். உயிரோடு இருப்பவர்கள் படங்களுக்கு ரிப்பன், போய்ச் சேர்ந்தவர்கள் படங்களுக்கு ரோஜா மாலை.

நான் கொடுத்த படத்துக்கு மாலை போட்டிருந்தது. நெற்றியில் சந்தனம். முன்னால் ஊதுவத்தி புகைந்தது.

என் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிற மனிதருக்கு மாலையா? ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஓடிப்போய் மாலையைப் பிடித்து இழுத்தேன். நூல் அறுந்து பூவெல்லாம் சிமெண்டுத் தரையில் கொட்டியது. மேளம் நின்றது.

"உங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா? எங்கப்பா குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரு!" என்று கத்தினேன்.

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "என்ன லா நீ, பிள்ளைகிட்ட சொல்லவே இல்லையா?" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார். "அது நான் இல்ல பிள்ள. என் தம்பி."

எனக்குச் சித்தப்பா ஒருவர் இருந்தார் என்பதையே தலை நரைத்த பிறகு, ஊர்க்காரர்கள் முன்னால்தான் கேட்கிறேன். தீபாவளிப் படையலுக்கு அம்மா எப்போதும் ஓர் இலை அதிகமாகப் போடுவார். யாருக்கு என்று கேட்டால், "பசிச்சவங்க யாராச்சும் வருவாங்க" என்பார். அந்த இலை நினைவுக்கு வந்ததும் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பால்மரம் வெட்டுனது போதும், வாடான்னு நாந்தான் அவன பட்டாளத்துக்கு இழுத்துட்டுப் போனேன்" என்றார் அப்பா. "காட்டுல எனக்கு முன்னால நடந்தான். கண்ணிவெடி. மாலை போட்டா அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்லா. அதான் போடல."

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மறைத்தாரே என்று கோபம் வந்தது. என் அவசரக் கையை நினைத்து அதைவிடக் கோபம் வந்தது. குனிந்து பூக்களைப் பொறுக்கப் போனேன். "விடு" என்றார் அப்பா. முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து, அறுந்த நூலைத் தேடி எடுத்தார். முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை. பாதிப் பூ உதிர்ந்த அந்த மாலையைக் கட்டி முடித்துத் தம்பி படத்துக்குத் தானே போட்டார். சல்யூட் அடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் படத்தின் கன்னத்தை மட்டும் ஒருமுறை தொட்டார்.

திரும்பும் வழியில், ஜெலாப்பாங் நெருங்கும்போது அப்பா கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"பூக்கடைல நிறுத்து. வீட்டுல இருக்குறதுக்கும் ஒண்ணு வாங்கணும்."