எதிர்கொண்டு போன தேங்காய்

இலங்கையில் புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. அன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இடியப்பத்துக்குச் சம்பலும் சொதியும் வைக்க வேண்டும். வீட்டில் ஒரு தேங்காய்கூட இல்லை. அண்ணி காலையிலேயே கடைக்கு ஓடி, ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

வாசலில் வைத்த பை சாய்ந்தது. ஒரு தேங்காய் மட்டும் வெளியே வந்து, படிகளில் டொக் டொக்கென்று இறங்கி, ரோட்டைப் பிடித்துவிட்டது.

"புடி, புடி!" என்று அண்ணி ஓட, புதுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். எங்கள் ரோடு நல்ல இறக்கம். வளைவில் நின்றுவிடும் என்று நினைத்தோம். அது வளைவிலும் அழகாகத் திரும்பியது.

கீழே மாப்பிள்ளை வீட்டாரின் ஆட்டோ ஏறி வந்துகொண்டிருந்தது. "அம்மே! பொல் கெடியக்!" தேங்காயைக் கண்ட டிரைவர் சிங்களத்தில் அலறி பிரேக் அடித்தார். தேங்காய் முன் சக்கரத்தில் முட்டி நின்றது. அதன் பின்னால் அண்ணி நின்றார். அண்ணியின் முதுகில் மோதி நான் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். "இதுல பொண்ணு யாரு?"

பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல் கையைத் தூக்கினேன்.

அவர் தேங்காயைக் கையில் எடுத்தார். "எதிர்ல தேங்கா வந்தா நல்ல சகுனம்."

"உருண்டு வந்தா?" என்றார் கூட வந்த அவருடைய தம்பி. "ஒடைச்சுப் பாப்போம். அழுகலா இருந்தா இப்படியே திரும்பிருவோம்."

அக்காவிடமிருந்து வாங்கி, ரோட்டோரக் கல்லில் உடைத்தார். உள்ளே எலுமிச்சை அளவுக்கு வெள்ளை வெளேரென்று பூ!

"பூ வந்துருச்சு!" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத் தேங்காய்ப்பூ என்றால் உயிர். யோசிப்பதற்குள் கை நீண்டு, எடுத்து, வாயில் போட்டுவிட்டது.

அண்ணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அடப் பாவமே, அத சாமிக்கு வைக்கலாம்னு நெனச்சேனே, புள்ள!" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அதுவரை ஆட்டோவுக்குள்ளேயே ஒடுங்கியிருந்த மாப்பிள்ளை தலையை நீட்டினார். "பாதியாச்சும் வச்சிருக்கலாம்ல? எனக்கும் புடிக்குங்க."

வாய் நிறையப் பூ. பதில் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினேன். அதையே சம்மதம் என்று அவருடைய அம்மா எடுத்துக்கொண்டார். லயத்துக்கு வந்து சேர்வதற்குள் கல்யாண மாதத்தையே பேசி முடித்திருந்தார்கள். டிரைவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தோம். வந்தவர்களில் கூச்சமில்லாமல் வயிறு நிறைய இடியப்பம் சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.