லூர்து அக்காவின் மூன்று வினைகள்

அந்த ஃபோன் எனக்கு வந்தபோது என் கம்ப்யூட்டர் சென்டரில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் சத்தமாக இத்தாலிய வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். லூர்து அக்கா வகுப்புக்குத் தாமதமாக வருகிறவர் அல்ல. அன்று மதியம் அவரைக் காணோம் என்றதும், மாணவர்களில் மூத்தவளான நர்ஸ் கலைச்செல்வி, “சும்மா குந்திகினு இருப்பானேன்” என்று தானே ஆரம்பித்துவிட்டாள். நான் முன்னால் உட்கார்ந்து ஜெராக்ஸ் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஃபோனில் அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா. “சார், நம்ம லூர்தக்கா எய்ந்திருக்கல சார். தட்டித் தட்டிப் பாத்துட்டு கதவ ஒடச்சாங்கோ. ஒடம்பு சில்லுனு கீது சார்” என்றார். நான் உள்ளே போய் அவர்களை நிறுத்தவில்லை. எதிர்காலப் பட்டியலை அவர்கள் சொல்லி முடிக்கும்வரை தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் அவரை அறிந்த நீங்கள் ‘இத்தாலி டீச்சர்’ என்றுதான் சொல்வீர்கள். நான் அவருடைய மாணவன் அல்ல. என்னுடைய கம்ப்யூட்டர் சென்டரின் பின்பாதியில் மதிய நேரங்களில் அவர் வகுப்பு எடுத்தார், அவ்வளவுதான். எனக்குச் சத்தம் ஆகாது. முதல் வாரமே போய், “இது ஜெபக்கூட்டமா, வகுப்பா?” என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான் துரை தம்பி, வாய் உட்டுச் சொன்னாதான் கேக்கும்” என்றார். அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நாளடைவில் பில் போடும்போது என் வாயிலும் இத்தாலி வர ஆரம்பித்தது.

அவருடைய முறை எளியது. இத்தாலிய வினைச்சொற்கள் மூன்று குடும்பம். ‘ஆரே’ என்று முடிவது ஒன்று, ‘ஏரே’ ஒன்று, ‘ஈரே’ ஒன்று. ஒழுங்காக நடக்கும் வினைகளில் குடும்பத்துக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை அதன் பின்னாலேயே வரும். புத்தகங்களில் இதற்கு வழக்கமாகப் பேசு, நம்பு, தூங்கு என்ற மூன்றைக் கொடுத்திருப்பார்கள். அக்கா அவற்றைத் தொடவில்லை. தோர்னாரே, தேமேரே, பார்த்தீரே. அதாவது திரும்பு, பயப்படு, புறப்படு. புத்தகத்தை மாற்றுவானேன் என்று ஒருமுறை கேட்டேன். “இங்க வர்றதுங்க எல்லாம் கடலுக்குப் போறவன், கப்பலுக்குப் போறவன், அவன் பொண்டாட்டி. இதுங்களுக்கு வேற இன்னா வேணும்?” என்றவர் கொஞ்சம் பொறுத்து, “தூங்குறத மட்டும் நான் எடுக்க மாட்டேன் தம்பி” என்றார். ஏதோ நம்பிக்கை போலும் என்று விட்டுவிட்டேன்.

வினைக்குக் காலம் மட்டும் இல்லை, மனசும் உண்டு என்பது அவர் அடிக்கடி சொல்வது. “‘படகு வந்துச்சு’ன்றது ஒண்ணு. ‘வந்துருந்தா’ன்றது வேற. ‘வந்துரணுமே’ன்றது இன்னும் வேற. ஒவ்வொண்ணுக்கும் தனிச் சட்ட போட்டு அனுப்புவான் இத்தாலிக்காரன். துக்க வூட்டுக்குப் போற சட்டய கல்யாணத்துக்குப் போடாத.” அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். ஆனாலும் ‘அவன் திரும்ப வேண்டுமே’ என்ற வடிவத்தை ஒருவரும் தப்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. வாழ்க்கையில் அதை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தானே.

மாரியை உங்களில் பலருக்குத் தெரியும். காசிமேட்டுக்காரன். பையன் என்று சொல்ல முடியாது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இத்தாலியில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போக வகுப்பில் சேர்ந்தவன். முதல் நாளே ‘பார்த்தோ’ என்று சொல்ல மறுத்துவிட்டான். பார்த்தோ என்றால் ‘நான் புறப்படுகிறேன்.’ “மொட்டையா போறேன்னு என் வாயால சொல்ல மாட்டேன் டீச்சர். எங்க வூட்ல செருப்பால அடிப்பாங்கோ. போய்ட்டு வரேன்னு சொல்ல இன்னா வார்த்தையோ அத்தக் குடு” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மார்க்கர் மூடியைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் டீ வாங்க ஓடினேன்.

டீயோடு வந்தபோது வகுப்பில் புதுச் சட்டம் வந்துவிட்டிருந்தது. இனி யாரும் ‘புறப்படு’ என்ற வினையைத் தனியாகச் சொல்லக் கூடாது. ஒருவர் ‘பார்த்தோ’ என்றால் மற்ற எல்லோரும் ‘தோர்னோ’ என்று முடிக்க வேண்டும். புறப்படுகிறேன், திரும்புகிறேன். நீ புறப்படுகிறாய் என்றால் நீ திரும்புகிறாய். பார்த்தீவோ, தோர்னாவோ. பார்த்திரோ, தோர்னெரோ. நடந்தது, நடப்பது, நடக்கப்போவது, நடந்திருக்கக்கூடியது என்று எந்தக் காலத்திலும் எந்த மனசிலும் ஜோடி பிரியக் கூடாது. அன்றிலிருந்து என் தலைவலி இரண்டு மடங்காயிற்று.

மாரியின் மொழித் தேர்வு என் சென்டரில்தான் கணினி வழியாக நடந்தது. திரையில் ஒரு அம்மாள், எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேட்டார். கடலுக்குப் போகிறவனிடம் அப்படிக் கேட்பதே எங்கள் பக்கம் அபசகுனம். மாரி வியர்த்துப்போய், “பார்த்தோ, தோர்னோ” என்றான். திரும்புவதைக் கேட்கவில்லையே என்றார் அந்த அம்மாள். மறுபடியும் “பார்த்தோ, தோர்னோ.” மூன்றாம் முறையும் அதே. தேதியைச் சொல்லித் தொலையேன்டா என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. எப்படியோ தேறினான். மார்க் குறைந்ததற்கு அக்காவிடம் வருத்தப்பட்டான். “மார்க்கு போனா போவுது. வாய்ல வந்துச்சு பாரு, அது போதும்” என்றார் அவர்.

அன்று சாயங்காலம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். புருஷன் விட்டுப் போனபின் இத்தாலியின் ஜெனோவாவுக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது மகள் ஜெசிந்தாவுக்கு ஆறு வயது. வியாசர்பாடியில் தங்கை வீட்டில் விட்டார். எழுப்பினால் காலைக் கட்டிக்கொண்டு அழும், தன்னாலும் போக முடியாது என்று, விடியற்காலை பிள்ளை தூங்கும்போதே கிளம்பிவிட்டார். காகிதங்கள் சரியாக இல்லாததால் பல வருடம் ஊருக்கு வர முடியவில்லை. ஜெனோவாவில் அவர் பார்த்துக்கொண்டது நினைவு தப்பிய ஒரு கிழவியை. கடைக்குப் போகக் கதவைத் திறந்தாலே, “தோர்னி?” என்று கேட்பாராம் அந்த அம்மாள். திரும்பி வருவாயா? “தோர்னோ, சிஞ்ஞோரா” என்று இவர் சொல்ல வேண்டும். “பதினாலு வருஷம் தம்பி, ஒரு நாள் தவறாம யாரையோ பெத்தவகிட்ட வரேன், வரேன்னு சொல்லிகினு இருந்தேன். நான் பெத்ததுகிட்ட ஒரு தபா சொல்லல” என்றார். அழவில்லை.

அவர் திரும்பி வந்தபோது ஜெசிந்தா வளர்ந்து, மணமாகி, எம்.கே.பி. நகரில் அடுக்கு வீடு ஒன்றில் இருந்தாள். அம்மா என்று கதவைத் திறக்கவில்லை. அக்கா ஞாயிறு பூசை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து அங்கே போவார். கீழே நிற்பார். வருவார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கதவு ஒரே ஒரு முறை திறக்க வேண்டும், அன்று சொல்லாததை அவளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன். இரண்டாவது மாடியில் ஒரு பெண் காய்ந்த துணிகளை எடுக்க வந்தாள். கீழே பார்த்தாள். துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு ரத்தம் கொதித்தது. மேலே ஏறிப்போய்க் கேட்டுவிடுகிறேன் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்கு வெளிய வந்தா பாத்தியா? போன வாரம் அதுவும் இல்ல” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடக்கத்துக்கு ஜெசிந்தா வந்தாள். அக்காவின் தங்கை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் வாசலருகே, செருப்பைக்கூடக் கழற்றாமல் தனியாக நின்றாள். பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். கலைச்செல்வி முறை வந்தபோது மண்ணைப் போட்டுவிட்டு, தன்னையறியாமல், “பார்த்தே” என்றாள். அவர் புறப்படுகிறார். வகுப்பு முழுவதும் பழக்கதோஷத்தில், “தோர்னா” என்று முடித்தது. அவர் திரும்புகிறார். சொல்லிவிட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவர்களுக்கு உறைத்தது. பெண்கள் உடைந்து அழுதார்கள். நானும் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. மண் வெட்டுகிற ஆட்கள் மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

எல்லோரும் கலைந்தபின் ஜெசிந்தா என்னிடம் வந்தாள். “இன்னா சொன்னீங்கோ எல்லாரும் சேந்து?” என்றாள். சொன்னேன். மாரியையும், ஜோடி பிரியக் கூடாது என்ற சட்டத்தையும், ஜெனோவாக் கிழவியையும், தூங்குவதை மட்டும் அவர் பாடத்தில் சேர்க்காததையும் சொன்னேன். கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னேன். துணி எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்கவில்லை. “புள்ள தூங்கும்போது சொல்லாம போயிட்டேனேன்றதுதான் உங்க அம்மாவோட வாழ்க்கை முழுக்க” என்றேன்.

அவள் மண்மேட்டைப் பார்த்தாள்.

“நான் தூங்கல சார்” என்றாள். “முழிச்சிகினுதான் இருந்தேன். பொட்டி கட்டுறது, முகம் கழுவுறது எல்லாம் கேட்டுகினு கண்ண மூடிகினு இருந்தேன். போய்ட்டு வரேன்னு ஒரு வார்த்த சொல்லும், அப்போ ஏந்து கட்டிக்கலாம்னு. கதவு சாத்துன சத்தந்தான் கேட்டுச்சு.”

பிறகு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். என்னிடமும் அவள் ‘வரேன்’ என்று சொல்லவில்லை.

இப்போது வகுப்பைக் கலைச்செல்வி நடத்துகிறாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் மதியம் முழுவதும் ஜோடி பிரியாமல் சத்தம் கேட்கிறது. லூர்து அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை புறப்படு, பயப்படு, திரும்பு என்ற மூன்று வினைகள். கூடவே, பிள்ளை விழித்துத்தான் இருந்தது என்ற சேதி. அது அவருக்குச் சேரவேண்டியது. என்னிடம் இருக்கிறது.